வாசகர் கேள்வி பதில்: பழைய வண்டியின் எஞ்சினில் வீட்டிலேயே ஒரு கார்

சென்ற இதழில் கிட் கார் பற்றி நான்கு வரி எழுதியதற்கு அம்பாசமுத்திரம் முதல் திசையன்விளை வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தையும் கூட்டையும் தாமே செய்து, எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு முதலியவற்றை ஒரு பழைய வண்டியிலிருந்து எடுத்துக் கட்டுகிற காரையே அப்படி அழைக்கிறோம். உறுப்புகளைத் தரும் அந்தப் பழைய வண்டியை இந்தப் பக்கத்தில் கொடை வண்டி என்று குறிப்பிடுகிறேன். நம்மூரில் கொடை என்றால் கோயில் கொடைதான் முதலில் நினைவுக்கு வரும் என்றாலும், வேறு நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை.

கேள்வி: மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். நான் லேத் பட்டறை நடத்துகிறேன். லோட்டஸ் செவன் என்னும் பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரியில் இருவர் அமரும் சிறிய கார் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சதுரக் குழாயில் சேஸிஸ் அடித்து முடித்துவிட்டேன். உறவினர் வீட்டில் ஓடாமல் நிற்கும் 1998ஆம் ஆண்டு மாருதி 800 கிடைக்கிறது. அதன் எஞ்சினை முன்னால் வைத்துப் பின்சக்கரங்களை ஓட்ட முடியுமா? வேறு கியர்பாக்ஸ் பொருத்துவதற்கான இடைத்தட்டை நானே கடைந்துகொள்ளலாமா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: தம்பி, இரண்டுமே முடியும். ஆனால் சேஸிஸை முதலில் அடித்துவிட்டு எஞ்சினைப் பிறகு தேடியிருக்கிறீர்கள். இது செருப்பைத் தைத்துவிட்டு அதற்கேற்ற காலைத் தேடுவதற்கு ஒப்பாகும். குழாய்களை முழுமையாகப் பற்றவைக்காமல் புள்ளிப் பற்றோடு நிறுத்தியிருந்தால் நல்லது. முழுமையாகப் பற்றவைத்துவிட்டீர்கள் என்றால், கியர்பாக்ஸும் ஷாஃப்டும் செல்லும் நடுச் சுரங்கத்தின் குழாய்களையாவது அறுக்க வேண்டியிருக்கும் என்று இப்போதே மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

மாருதி 800இன் எஞ்சின் 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உடையது. ஏறத்தாழ 37 குதிரைத்திறன் தருவது. அந்த எஞ்சின் காரின் மூக்கில் குறுக்காக அமர்ந்திருக்கிறது. கியர்பாக்ஸும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடங்கி முன்சக்கரங்களை நேரடியாக ஓட்டுகின்றன. அந்த எஞ்சினை நெடுக்காகத் திருப்பி வைத்துப் பின்சக்கரங்களை ஓட்ட நினைத்தால், அந்தக் கியர்பாக்ஸ் முழுவதும் பயனற்றுப் போகும். எனவே உங்களுக்கு உண்மையில் குறைவது எஞ்சின் அன்று, அதற்குப் பின்னால் வர வேண்டிய கியர்பாக்ஸும் அச்சுமே. இடைத்தட்டு பற்றி யோசிப்பதற்கு முன், அதே 796 சி.சி. எஞ்சினை நெடுக்காக வைத்துப் பின்சக்கரங்களை ஓட்டுகிற ஒரு வண்டி 1984 முதல் 2019 வரை நம் சாலைகளில் விற்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளை அள்ளிச் சென்ற ஆம்னிதான் அது. எஞ்சின் முன்னிருக்கையின் அடியில் இருக்க, அதன் பின்னால் கியர்பாக்ஸும், பின்னர் விசையைப் பின்னால் கொண்டுசெல்லும் ப்ரொபெல்லர் ஷாஃப்டும், கடைசியில் பட்டை வில்லில் தொங்கும் பின் அச்சும் ஒரே கோட்டில் வருகின்றன. செவன் போன்ற காருக்கு வேண்டிய வரிசை இதுவே. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த அந்தச் செவனை 1973 முதல் கட்டிவருகிற கேட்டர்ஹாம் நிறுவனமே, 2013இல் தன் மலிவான மாடலுக்கு 660 சி.சி. மூன்று சிலிண்டர் சுசூகி எஞ்சினையும் சுசூகியின் பின் அச்சையும் எடுத்துக்கொண்டது. ஆகவே ஆம்னியை நாடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

ஆம்னியை வாங்கும்போது எஞ்சினை மட்டும் பேரம் பேசி எடுத்து வராமல், முழு வண்டியையே வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் எஞ்சினைத் தனியாக எடுத்தால் விலை குறைவாகத் தெரியும். பிறகு கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டரின் தாங்கி, ஸ்பீடாமீட்டர் கேபிள், ஒரு சாதாரண வாஷர் என்று ஒவ்வொன்றுக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறும்போதுதான் உண்மையான விலை புரியும். பிரிப்பதற்கு முன்பே, எஞ்சின் எந்தச் சாய்வில் அமர்ந்திருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆம்னியில் அது இருக்கைக்கு அடியில் அடங்குவதற்காகப் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். சம்ப் என்னும் அடித்தொட்டியும், அதிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயும், கார்புரேட்டரின் மிதவையும் அந்தச் சாய்வுக்கே வடிவமைக்கப்பட்டவை. அழகுக்காக எஞ்சினை நிமிர்த்தி வைத்தால், வளைவில் எண்ணெய் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சும்; பேரிங்குகள் உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

ப்ரொபெல்லர் ஷாஃப்டை உங்கள் சேஸிஸின் நீளத்துக்கு வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் என்னும் கவை போன்ற பிடிகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சற்றுத் திருகிப் பற்றவைத்துவிட்டால் எவ்வளவு நுட்பமாக பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது. கியர்பாக்ஸின் வெளியச்சும் பின் அச்சின் மூக்கும், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தாலும், ஒன்றுக்கொன்று இணையாக அமைய வேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டிலும் கோணம் 3 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முற்றிலும் சுழியாகவும் வைத்துவிடாதீர்கள், ஏனெனில் உள்ளிருக்கும் ஊசி உருளைகள் அசைவின்றி ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்துவிடும். அளவுகளை எடுக்கும்போது இருவர் உட்கார்ந்த பாரத்தில் வண்டி எவ்வளவு தாழுமோ, அந்த உயரத்தில் வைத்தே எடுங்கள்.

இடைத்தட்டு பற்றிக் கேட்டீர்கள். ஆம்னியின் தொகுதியை அப்படியே எடுத்தால் அது தேவைப்படாது. வேறு கியர்பாக்ஸைத்தான் சேர்ப்பேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், என் கதையைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இளவயதில் ஒரு பியட் எஞ்சினுக்கு ஜீப் கியர்பாக்ஸைச் சேர்க்க, கண்ணளவில் துளைகளைக் குறித்து அரை அங்குலத் தகட்டில் இடைத்தட்டு ஒன்று செய்தேன். போல்ட்டுகள் எல்லாம் சுகமாக இறங்கியதால் வேலை சரி என்று நம்பினேன். மூன்றே வாரத்தில் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி ரிவெட்டுகளோடு பிய்ந்து கையோடு வந்தது. கியர்பாக்ஸின் முன் பேரிங் ஊளையிட்டது. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் உள்ளச்சின் மையமும் ஒன்றாக இல்லாததே காரணம். துளையில் சிறிது இடைவெளியோடு நிற்கும் போல்ட்டு இறுக்குவதற்கு மட்டுமே உதவும். மையத்தைக் காப்பது துளையில் இடைவெளியின்றி அமரும் டவல் பின்தான் என்பதை நான் அன்று அறிந்திருக்கவில்லை.

உங்களிடம் லேத்தும், நுண்ணிய ஆட்டத்தை ஊசியில் காட்டும் டயல் கேஜும் இருப்பதால் முறையாகவே செய்யலாம். கிளட்சை மாட்டாமல் இடைத்தட்டையும், கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கையும் மட்டும் எஞ்சினில் பொருத்துங்கள். டயல் கேஜை, கிராங்க்கின் பின்முனைச் சக்கரமான ஃப்ளைவீலில் நிறுத்தி, அதன் முனை ஹவுசிங்கின் மையத் துளையைத் தொடுமாறு வைத்து, கிராங்க்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஊசியின் மொத்த ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை தட்டை நகர்த்திப் பார்த்து, வந்த பிறகே இரண்டு டவல் பின்களுக்குத் துளையிடுங்கள். தட்டின் கனத்தையும் மறந்துவிடக் கூடாது: கனம் கூடினால் உள்ளச்சின் நுனி கிராங்க்கின் பின்னால் உள்ள பைலட் பேரிங்கை எட்டாது, ஸ்டார்ட்டரின் பல்லும் ஃப்ளைவீலின் பல்லில் முழுமையாக இறங்காது. கிளட்ச் கவர் எஞ்சின் பக்கத்து ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும். கிளட்ச் தட்டின் பல்வரிசை கியர்பாக்ஸ் பக்கத்து அச்சுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு ஊர்ச் சம்பந்தம் என்பதால் இதில் மிகுந்த கவனம் தேவை.

உறவினர் வீட்டு 800ஐ விட மனமில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், சக்கர ஹப் எல்லாவற்றையும் கொத்தாகப் பெயர்த்து, இருக்கைக்குப் பின்னால் குறுக்காகவே அமர்த்திவிடலாம். அப்போது எஞ்சின் பழைய காரில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, அதே பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். இட வசதிக்காக முன்பின்னாகத் திருப்பி வைத்தால், உங்கள் காருக்கு நான்கு ரிவர்ஸ் கியர்களும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும். ஸ்டீயரிங் கம்பிகள் இருந்த இடத்தில், நீளத்தைச் சரிசெய்யக்கூடிய கம்பிகளைச் சேஸிஸோடு உறுதியாகக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக். 800இல் டிஸ்க் பிரேக் முன்சக்கரங்களில்தான் இருக்கிறது. கொத்தாகப் பெயர்த்தால் அந்த டிஸ்க்கும் பின்னால் போய்விடும். முன்னால் டிரம்மும் பின்னால் டிஸ்க்குமாக ஓட்டிப் பார்த்தால், முதல் அவசர பிரேக்கிலேயே பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரமாகச் சுற்றும். முன்சக்கரங்களுக்கும் இன்னொரு 800இன் முன் ஹப்பையே தேடி மாட்டுங்கள். அந்த ஹப்பின் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பது டிரைவ் ஷாஃப்டின் நுனித்தண்டுதான் என்பதால், ஷாஃப்ட் தேவையில்லாத முன்பக்கத்திலும் வெளி ஜாயிண்டின் தண்டை விட்டுவைத்து நட்டை முறுக்க வேண்டும்.

எஞ்சினைச் சேஸிஸில் பிடிக்கும் ரப்பர் மவுண்டிங்குகளைக் கொடை வண்டியிலிருந்தே எடுத்து, கொடை வண்டியில் இருந்த புள்ளிகளிலேயே பொருத்துங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் மேல் கீழ் விசைகள் மொத்தத்தில் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டாலும், முதல் சிலிண்டரும் மூன்றாம் சிலிண்டரும் எதிரெதிராக இழுப்பதால் எஞ்சின் நீளவாக்கில் ஏற்ற இறக்கப் பலகைபோல ஆடும். இரும்போடு இரும்பாக இறுக்கினால் அந்த ஆட்டம் முழுவதும் உங்கள் முதுகெலும்புக்கு வந்து சேரும். சில மாதங்களில் பற்றவைப்புகளிலும் கீறல் விழும். குறுக்கு எஞ்சின் என்றால், கியராலும் டிஃபரன்ஷியலாலும் பத்து மடங்குக்கு மேல் பெருகிய முறுக்கின் எதிர்விசையை அந்த மவுண்டிங்குகளே தாங்க வேண்டும். அதனால் அதற்கென்று கொடுத்திருக்கும் தடுப்புக் கம்பியைத் தேவையற்றது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எஞ்சின் ஓடாமல் நின்றது என்கிறீர்கள். கையால் கிராங்க் சுற்றுகிறதா என்று பாருங்கள்; சுற்றினால் மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளவியால் எடுங்கள். ஒன்றுக்கொன்று சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் எடுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் தட்டு ஆகிய நான்கையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிதாக மாற்றிவிடுங்கள்.

37 குதிரைத்திறன் போதுமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். 800இன் எடை ஏறத்தாழ 650 கிலோ. உங்கள் காரை 500 கிலோவுக்குள் முடித்தால், டன்னுக்கு 57 குதிரைத்திறன் என்பது 74 ஆகிவிடும். டர்போ மாட்டுவது பற்றி அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: ஐயா, நானும் என் தம்பியும் 800இன் எஞ்சினை இருக்கைக்குப் பின்னாலும் ரேடியேட்டரை முன்னாலும் வைத்து ஒரு வண்டி கட்டி, எங்கள் தேரிக்காட்டு முந்திரித் தோட்டத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். பத்தே நிமிடத்தில் சூடேறிவிடுகிறது. ரேடியேட்டர் புதியது, ஃபேனும் சுற்றுகிறது. மேல் ஹோஸ் கொதிக்கும்போதும் ரேடியேட்டரின் அடிப்பாகம் குளிர்ந்தே இருக்கிறது.
(வாசகி, திசையன்விளை)

பதில்: கடைசி வரியில் விடையையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மா. அடிப்பாகம் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நீண்ட குழாய்கள் செல்லும் வண்டிகளில், குழாய் எங்கே மேலேறி இறங்குகிறதோ அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். குழாய்களை ஒரே சீராக ஒரு பக்கம் உயரும்படி கொண்டுசெல்லுங்கள். ரேடியேட்டரின் மேல் மூலையில் காற்றை வெளியேற்றும் திருகு ஒன்று வையுங்கள். மூடியோடு கூடிய நிரப்பும் தொட்டி மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கட்டும். வண்டியின் மூக்கை ஜாக்கியில் தூக்கிவைத்து நிரப்பினால் பாதிக் காற்று தானே வெளியேறிவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக வேலைசெய்தால், வெறும் தண்ணீரே சுமார் 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. கசியும் மூடியை மாற்றாமல் ரேடியேட்டரைக் குறைசொல்வது வீண்.

எஞ்சின் சூடான பின்பே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் பட்டறைகளில் ஒரு பழக்கம். அதைத் திரும்ப மாட்டுவதற்கு முன், ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, 80 பாகையைத் தாண்டும்போது திறக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து போர்வெல் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் குடத்தின் உட்புறத்தில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அப்படியே எஞ்சினின் நீர்வழிகளிலும் படியும்; அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். கலந்தே விற்கும் கூலண்ட் போதும். ஃபேன் காற்றைச் சரியான திசையில் தள்ளுகிறதா என்பதையும் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையிலும் அதே உற்சாகத்தோடு சுற்றும்.

கேள்வி: கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினைக் கிட் காரில் வைப்பது கடினமா? எங்கள் கல்லூரிக் குழு ஒன்றை வாங்க எண்ணுகிறது.
(மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: கடினமில்லை; கத்தரிக்கோலை ஒளித்துவைக்க வேண்டும், அவ்வளவே. கம்ப்யூட்டர் பெட்டி, வயரிங் முழுவதும், சென்சார்கள், எரிபொருள் டேங்கினுள் இருக்கும் மின் பம்ப் ஆகிய எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள். சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு இருந்தால், சாவியும் அதன் கருவியும் சேர்ந்தே வர வேண்டும். பழைய வண்டியிலேயே எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் பெயர் எழுதி ஒட்டிய பிறகே கழற்றுங்கள். தேவையற்ற வயர்களை உருவுவது, புதிய சேஸிஸில் எஞ்சின் ஒருமுறை ஓடிய பிறகு செய்ய வேண்டிய வேலை.

ஃபைபர் கூட்டில் மின்சாரம் திரும்பிச் செல்ல வழி கிடையாது என்பதை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் வேண்டும். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த எர்த் பட்டை ஒன்று, பெயிண்ட்டைச் சுரண்டிய இடத்தில் கட்டப்பட வேண்டும். மோதினாலோ கவிழ்ந்தாலோ எரிபொருள் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, புல்லட் இவற்றில் எது சிறந்த கொடை வண்டி?
(வாசகர், தென்காசி)

பதில்: முதல் இரண்டும் முன்னால் எஞ்சினும் பின்னால் இயக்கமும் உள்ளவை என்பதால் வடிவத்தில் மிகப் பொருத்தமானவை. அம்பாசிடரின் எஞ்சினும் அச்சும் சிறிய காருக்கு அளவுக்கு மீறிய எடை. பத்மினி நல்ல தேர்வு. ஆனால் ஓடுகிற நிலையில் உள்ள பத்மினியை இன்று உடைப்பவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. புல்லட்டின் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் கிடையாது, பின்னால் டிஃபரன்ஷியலும் நீங்களே தேட வேண்டும்.

கேள்வி: இப்படிக் கட்டிய காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுசெய்ய முடியுமா? பழைய 800இன் ஆர்.சி. புத்தகத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார்.
(வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: அவர் சொன்னதைக் கேட்காதீர்கள். ஆர்.சி. என்பது எஞ்சினுக்கு மட்டும் உரியதன்று. அந்தச் சேஸிஸ் எண்ணுக்கும் அந்த வடிவத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. புதிய வண்டியாகப் பதிவுசெய்யலாம் என்றால், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி, அந்த மாதிரி வண்டியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம்) போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேர்ச்சிபெறச் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட அந்தச் சோதனைகளின் செலவு, ஒரே ஒரு கார் கட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. பிரிட்டனில் ஒற்றை வண்டியைத் தனியாகச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருப்பதால்தான் அங்கே இந்தப் பொழுதுபோக்கு தழைத்தது.

ஆகவே உங்கள் காரைச் சொந்தத் தோட்டத்திலோ, அமைப்பாளர்கள் அனுமதித்தால் பந்தயத் தடத்திலோதான் ஓட்ட வேண்டும். நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவரதன், இதே மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர்.

அம்பாசமுத்திரம் தம்பியும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கொடை வண்டியைப் பிரித்து அது இனி ஓடாது என்றானதும், பதிவுபெற்ற உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஆர்.சி.யைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. 800 உங்கள் உறவினர் பெயரில் இருப்பதால், கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும். எஞ்சினை நீங்கள் விலைக்கு வாங்கியதற்கு, எஞ்சின் எண்ணைக் குறிப்பிட்டு அவரிடம் ஒரு ரசீதும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.